ஈரம் காயாத பிளேட்டு

என் தம்பி பேரனுக்குக் காதுகுத்து. படம் எடுக்க வந்த பையன் கம்ப்யூட்டரைத் திறந்து வைத்து, குடும்பப் படத்தில் குறுக்கே வந்து நின்ற சமையல்காரரை ஒரு நொடியில் காணாமல் அடித்தான். அவர் நின்ற இடத்தில் சுவரும் வாழைமரமும் முளைத்துவிட்டன. நானும் அந்தத் தொழிலில் இருந்தவள் என்று யாரோ சொல்லிவிட, "அந்தக் காலத்துல ஆளை எப்படிம்மா எடுப்பீங்க?" என்று கேட்டான். வர்ணம் பூசி எடுப்போம் என்றேன். அவன் சிரித்தான். அவனுக்கு முழுசாகச் சொல்ல அன்றைக்கு நேரமில்லை. வீட்டுக்கு வந்த பிறகும் மனசு கேட்கவில்லை, எழுதுகிறேன்.

புதுக்கோட்டை சமஸ்தானம் போன மறுவருஷம் நான் வேலைக்குச் சேர்ந்தேன். அதுவரை அரண்மனைக்குப் படம் எடுத்துப் பிழைத்துவந்த எங்கள் முதலாளி வெங்கடாசலம், இனிமேல் கல்யாணமும் காதுகுத்தும்தான் சோறு போடும் என்று புரிந்துகொண்டார். கல்யாணம் என்றால் பெண்கள் வருவார்கள். அவர்கள் சேலை மடிப்பைச் சரிசெய்யவும், முகத்து எண்ணெயைத் துடைத்துப் பவுடர் போடவும், மூக்குத்தியைத் திருப்பிவிடவும் ஆண்பிள்ளை கை போகக் கூடாது. அதற்கு ஒரு பெண் வேண்டும் என்று தேடினார். அப்பா இல்லாத வீட்டில் மூத்தவள் நான். எட்டாம் வகுப்போடு நின்றவள். புதுக்கோட்டை முழுக்க என்னைப் பற்றி என்னென்னவோ பேசினார்கள், பிறகு அவர்கள் வீட்டுப் பெண்களையே கூட்டிக்கொண்டு வந்தார்கள்.

பெண்கள் வராத பகலில் சும்மா உட்கார்ந்திருக்கிறாளே என்று ரீடச்சிங் சொல்லிக்கொடுத்தார். மூன்று வருஷம் திட்டு வாங்கினேன் என்பதோடு அந்தக் கதையை முடித்துக்கொள்கிறேன். அப்போது படம் கண்ணாடி பிளேட்டில்தான் விழும். அதில் எல்லாம் தலைகீழ். வெள்ளை கறுப்பாகவும் கறுப்பு வெள்ளையாகவும் இருக்கும். சாய்வுப் பலகையில் பிளேட்டை வைத்து, கீழே ஒரு கண்ணாடியில் வெளிச்சத்தைத் திருப்பி, ஊசி மாதிரி சீவிய பென்சிலால் அம்மைத் தழும்பை மூட வேண்டும். கூட்டத்தில் ஒருவரை மட்டும் எடுத்துப் பெரிசாக்க வேண்டுமென்றால், மற்றவர்களைச் சிவப்பு வர்ணத்தால் பூசி மறைப்போம். கத்தியால் சுரண்டினால் சீக்கிரம் வேலை முடியும். எங்கள் முதலாளி கத்தியைத் தொடவே விடமாட்டார். "வர்ணம் தண்ணியில போயிரும். கத்தி போட்ட எடம் திரும்பி வராது. பெத்தவ ஒருத்தி என்னிக்காச்சும் வந்து கேட்டா என்ன சொல்லுவ?" என்பார்.

அவர் குணத்தைச் சொல்ல வேண்டும். மிராசுதார் வந்தாலும் வண்டிக்காரர் வந்தாலும் நாற்காலியைத் தன் தோள் துண்டாலேயே துடைத்துவிட்டுத்தான் உட்காரச் சொல்வார். யாரையும் சிரிக்கச் சொல்ல மாட்டார். பிளேட்டுக்கு வெளிச்சம் பற்றாது, அசைந்தால் முகம் கலங்கிவிடும் என்பதால், வாயை மூடி மூச்சை விடச் சொல்வார். வாடிக்கைக்காரர் தப்பாக ஒன்றைக் கேட்டால் இரண்டு தடவை சொல்லிப் பார்ப்பார். மூன்றாம் தடவை சொல்ல மாட்டார். "ரெண்டுக்கு மேல சொன்னா அது அவுகளுக்காகச் சொல்றது இல்ல, நமக்காகச் சொல்றது" என்பது அவர் கணக்கு. எனக்கு அந்தக் கணக்கு ஒருநாளும் பிடித்ததில்லை.

அறந்தாங்கியில் ராசமாணிக்கம் என்று ஒரு மில்லுக்காரர் இருந்தார். அப்போது அறந்தாங்கி தஞ்சாவூர் ஜில்லா. நெல் மில், இரண்டு மூன்று லாரி, ஆவுடையார்கோவில் பக்கம் நஞ்சை. ஆளும் பார்க்க லட்சணமாக இருப்பார். அதை யாரும் அவருக்குச் சொல்ல வேண்டியதில்லை. வருஷம் தவறாமல் பொங்கல் கழித்து பிளஷர் காரில் வந்து இறங்கி, தன்னை ஒரு படம் எடுத்துக்கொள்வார். ஒரு வருஷம் கைத்தடியோடு, ஒரு வருஷம் கடிகாரம் தெரிகிற மாதிரி, ஒரு வருஷம் கார் கதவில் சாய்ந்து. எடுத்த படத்தைப் பார்த்து அவர் குறை சொன்னதே இல்லை. தன் முகம் என்றால் அவருக்கு அவ்வளவு திருப்தி.

கல்யாணமான வருஷம் மனைவியையும் கூட்டி வந்தார். மணமேல்குடிக்குப் பக்கத்து ஊர்ப் பெண், வள்ளிக்கண்ணு என்று பெயர். நான் அவளை உள்ளறைக்குக் கூட்டிப்போய்ச் சேலையைச் சரிசெய்தேன். குனிந்த தலை நிமிராமல் நின்றவள், கதவைச் சாத்தியதும் வேறு ஆளாகிவிட்டாள்.

"அக்கா, ஒங்க முதலாளிக்கு என்னய அடையாளம் தெரியாது. எங்க மாமா கல்யாணத்துக்கு எங்க ஊருக்கு வந்தாரு. கறுப்புத் துணிக்குள்ள தலைய விட்டுக்கிட்டு நிக்கிறாரு, ஒரு ஆடு வந்து அந்தத் துணியத் திங்க ஆரம்பிச்சுருச்சு. எல்லாரும் பேசாம நிக்கிறாக. என்னால முடியல."

"சிரிச்சிட்டியா?"

"பல்லெல்லாம் தெரிய. மிச்சம் பிளேட்டு இல்லையாம், திட்டித் தீத்துட்டாரு. அந்தப் படத்துல கடைசியா ஓரத்துல நிக்கிறது நாந்தான். அதுலதான் நான் நல்லாருக்கேன்னு எங்க ஆத்தா சொல்லும்." சொல்லிவிட்டு மறுபடி சிரித்தாள். சட்டென்று கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"வீட்டுக்காரர் எப்படி, நல்லா வச்சிருக்காரா?" என்று கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம்.

"நல்லாத்தான் வச்சிருக்காக. காலையில அவுக தலை சீவுறப்ப நான் பின்னால வெளக்கப் புடிச்சுக்கிட்டு நிப்பேன். கண்ணாடியில ரெண்டு பேரு மொகமும் தெரியும்க்கா. அவுக ஒரு மொகத்தத்தான் பாப்பாக."

வெளியே அழைத்து வந்தேன். முதலாளி இரண்டு நாற்காலி போட்டிருந்தார். ராசமாணிக்கம் உட்கார்ந்து பார்த்தார். இரண்டு பேர் இருந்தால் அவர் சற்று ஒதுங்கி உட்கார வேண்டியிருந்தது, சட்டைக் கையின் மடிப்பு மறைந்தது. எழுந்துவிட்டார்.

"நான் மட்டும் போதும். அவ எப்பவும் வீட்டுலயே இருக்கவதான, அவளப் படத்துல வேற பாக்கணுமா?"

வேடிக்கையாகச் சொன்னதாக நினைத்துக்கொண்டு அவரே சிரித்தார். பவுடர் போட்ட முகத்தோடு அவள் போய்ச் சுவரோரம் நின்றாள். அவர் கழற்றிக் கொடுத்த அங்கவஸ்திரம் அவள் கையில் இருந்தது.

ஏழெட்டு வருஷம் போயிற்று. ஒரு சித்திரை மாதம் அவர் தனியாக வந்து இறங்கினார். இரண்டாவது பிரசவத்தில் மனைவி போய்விட்டாள், குழந்தையும் போய்விட்டது. மூத்தது பெண் குழந்தை, நாலு வயது. பதினாறாம் நாள் காரியத்தில் ஆளுயரப் படம் திறக்க வேண்டும், பெரிய மனிதர்கள் எல்லாம் வருகிறார்கள் என்றார். மனைவியின் படம் என்று அவரிடம் ஒன்றுகூட இல்லை. அவள் பிறந்த வீட்டில் இருந்த மாமா கல்யாணப் படத்தைக் கரையான் தின்றுவிட்டதாம். பிளேட்டு எங்களிடம் இருக்கும் என்று கேட்டு வந்திருந்தார்.

உட்கார்ந்து ஒரு பாட்டம் அழுதார். அந்த அழுகை பொய் என்று நான் சொல்ல மாட்டேன். "எம்மேல உசிரையே வச்சிருந்தா. போறப்பகூட என்னய விட்டுப் போக மனசில்லாம கண்ணத் தொறந்துக்கிட்டேதான் போனா" என்றார். அவள் கண் திறந்திருந்தது எதனால் என்பது பக்கத்தில் இருந்த மருத்துவச்சிக்குத் தெரிந்திருக்கும். அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

முதலாளி பிளேட்டைத் தேடி எடுத்து, அவசரமாக ஒரு படம் போட்டு அவர் கையில் கொடுத்தார். பின்வரிசையில் ஐந்து பெண்கள். ராசமாணிக்கம் கொஞ்சமும் தயங்காமல் நடுவில் நின்றவள்மேல் விரலை வைத்தார். நல்ல நிறம், நேர்ப்பார்வை, மூடிய வாய். வள்ளிக்கண்ணு இடது ஓரத்தில், தலையை லேசாகச் சாய்த்து, பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

நான் முதலாளியை உள்ளே கூப்பிட்டு, ஆடு துணி தின்ற கதையைச் சொன்னேன். அவருக்கு ஆடும் நினைவிருந்தது, திட்டியதும் நினைவிருந்தது. வெளியே வந்து, "ஐயா, ஒரு தடவ நல்லாப் பாத்துச் சொல்லிருங்க. இந்த ஓரத்துல இருக்கவுகளா இருக்குமோன்னு" என்றார்.

"நடுவுல நிக்கிறா பாருங்க, அவதான். எம் பொஞ்சாதி ஓரத்துலயா நிப்பா?"

"வயசு கம்மியில எடுத்தது. வீட்டுல யாரையாச்சும் வச்சுப் பாத்துட்டு—"

"எம் பொஞ்சாதிய நீரு எனக்குக் காட்டுறீரா?"

இரண்டு தடவை ஆகிவிட்டது. முதலாளி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நான் வாயைத் திறந்தேன். "சரோஜா, உள்ள போ" என்றார். போனேன். போகிற வழியில் மை புட்டியைத் தட்டிவிட்டேன், தெரியாமல் இல்லை.

ராசமாணிக்கம் இன்னும் ஒன்று சொல்லிவிட்டுப் போனார். அவர் வீட்டுக் கூடத்தில் வலப்பக்கச் சுவரில் அவருடைய படம் இருக்கிறது. மனைவியின் பார்வை அந்தப் பக்கம் திரும்பியிருக்க வேண்டும், அவள் எப்போதும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தவள். ஆக, நடுவில் இருந்தவளைத் தவிர எல்லோர்மேலும் நான் சிவப்பு வர்ணம் பூசினேன். வள்ளிக்கண்ணு மேலும் பூசினேன். ஓரம் துல்லியமாக வர வேண்டுமென்றால் பிளேட்டில் படம் விழுகிற மருந்து இருக்கிற பக்கத்திலேயே பூசுவது எங்கள் வழக்கம். பெரிதாகப் போட்ட படத்தில் மெல்லிய தூரிகையால் கண்மணி இரண்டையும் வலப்பக்கம் நகர்த்தினேன். அது நல்ல வேலை, இன்றைக்கும் அதைச் சொல்வேன். யாரோ ஒருத்தி யாரோ ஒருவரை ஆசையாகப் பார்த்தாள்.

நடுவில் நின்றவள் வள்ளிக்கண்ணுவின் அக்கா காமாட்சி. உயிரோடு இருக்கிறவள். தங்கை காரியத்துக்கு வந்து கூட்டத்தோடு நின்றிருக்கிறாள். திரையை விலக்கியதும், மாலை போட்டு, பொட்டு வைத்து, சூடம் காட்டிய தன் முகத்தையே பார்த்து அங்கேயே விழுந்துவிட்டாள். அவர்களைப் பெற்றவள், ஊரில் எல்லோரும் செல்லாத்தா என்று கூப்பிடுகிறவள், "இது எம் பெரியவ, இதுக்கா மாலை போட்டீக" என்று கத்தியிருக்கிறாள். ராசமாணிக்கம் ஆள்விட்டு அவர்களை வெளியே அனுப்பினார். படத்தை இறக்கவில்லை. இத்தனை பெரிய மனிதர்கள் முன்னால் இறக்கினால் அவர் தப்பு என்று ஆகிவிடுமே.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் செல்லாத்தா எங்களிடம் வந்தாள். காமாட்சி வரவில்லை, வீட்டில் படுத்திருந்தாள். செல்லாத்தா எங்களைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"அந்தக் கண்ணாடியில எஞ் சின்னவ இருக்காளாப்பா?"

முதலாளி பிளேட்டை எடுத்துப் போய்த் தொட்டித் தண்ணீரில் அமிழ்த்தினார். வர்ணத்தைத் தேய்க்கக் கூடாது, தானாகக் கரைய விட வேண்டும். தண்ணீர் சிவந்தது, மாற்றினார், மறுபடி சிவந்தது. கடைசியில் எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். ஓரத்தில் வள்ளிக்கண்ணு அப்படியே இருந்தாள். பிளேட்டில் பல் கறுப்பாகவும் தலைமயிர் வெள்ளையாகவும்தான் தெரியும், பழகாதவர்களுக்கு ஆளே பிடிபடாது. செல்லாத்தா எட்டிப் பார்த்த மாத்திரத்தில், "சிரிக்கிறா" என்றாள்.

நனைந்த பிளேட்டை உடனே படம் போட முடியாது. மேலே இருக்கிற மருந்து ஊறி, நுங்கு மாதிரி நெகிழ்ந்திருக்கும். சித்திரை வெயிலில் கேட்கவே வேண்டாம். விரல் படாமல் விளிம்பைப் பிடித்துக் கட்டையில் நிறுத்திக் காயவைக்க வேண்டும். "சாயங்காலம் ஒங்க கையில படம் இருக்கும் ஆத்தா" என்றார் முதலாளி. நான் இட்லி வாங்கி வந்து கொடுத்தேன். அவள் இலையைப் பிரிக்காமல், பிளேட்டு இருக்கும் கட்டையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மதியத்துக்கு முன்பே பிளஷர் கார் வந்து நின்றது. மாமியார் இங்கே வந்திருப்பது எப்படியோ அவருக்குத் தெரிந்துவிட்டது. செருப்போடு உள்ளே வந்தார்.

"என் வீட்டு விசயத்துல ஒமக்கு என்னய்யா வேலை? எங்க அந்தக் கண்ணாடி?"

"காயுதுங்க. கை வைக்காதீங்க, ஈரம்" என்றார் முதலாளி.

"வேற எவளையோ காட்டி இவதான்னு சொல்றீங்களாமே. நானும் பாக்குறேன்." முதலாளி குறுக்கே கை நீட்டுவதற்குள் பிளேட்டை எடுத்துவிட்டார். இரண்டு பக்கமும் அழுத்திப் பிடித்து, வெளிச்சத்துக்காகப் போட்டிருந்த கண்ணாடிக் கூரைக்கு நேரே தூக்கிப் பார்த்தார். அவருடைய இடது கட்டைவிரல் ஓரத்தில் இருந்தது.

"மாப்ள, அதுலதான் இருக்கா. நல்லாப் பாருங்க, ஓரத்துல" என்று செல்லாத்தா எழுந்துவந்தாள்.

விரலைக் கொஞ்சம் நகர்த்திப் பார்த்தார். பார்த்தார் என்றுதான் சொல்ல வேண்டும். பிறகு சொன்னார்:

"இது அவ இல்ல. இந்தப் பொண்ணு சிரிக்குது. அவ எங்கூட ஏழெட்டு வருசம் இருந்தா, ஒரு நாள் இப்படிச் சிரிச்சதில்ல. எனக்குத் தெரியாதா?"

அந்த அறையில் நாங்கள் மூன்று பேர் அதைக் கேட்டோம். சொன்னவர் கேட்கவில்லை. தன் பக்கம் நியாயம் என்பதற்கு அதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம் என்பதுபோல நின்றார். பிளேட்டை மேசைமேல் வைத்தார். வேட்டியில் விரலைத் துடைத்தார். போய்விட்டார்.

விரல் இருந்த இடத்தில் மருந்து வழித்துக்கொண்டு வந்துவிட்டது. நாலு பெண்கள் இருந்தார்கள். ஐந்தாவது பெண்ணுக்குச் சேலையும் கையும் இருந்தன. கழுத்துக்கு மேலே வெறும் கண்ணாடி. அவர் அதை உடைக்க வரவில்லை, வேண்டுமென்று செய்யவும் இல்லை. செய்தது தெரியாமலே போனார். எனக்கு ஆத்திரம் தீராதது அதனால்தான்.

செல்லாத்தா இட்லி இலையைப் பிரிக்காமலே வைத்துவிட்டு பஸ் ஏறப் போனாள். அன்று மத்தியானம் படம் எடுக்க வந்தவர்களை நான்தான் திருப்பி அனுப்பினேன். அதற்குப் பிறகு முதலாளி யாரிடமும் இரண்டு தடவையோடு நிறுத்தியதில்லை. வாடிக்கை குறைந்தது.

ராசமாணிக்கம் மறுகல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதையும் பெருமையாகத்தான் சொல்லிக்கொண்டார்: இப்படி ஒரு மனைவி இருந்த இடத்தில் இன்னொருத்தியா என்பாராம். காமாட்சி படத்துக்கு வெள்ளிக்கிழமை தோறும் புது மாலை. மாமியார் வீட்டோடு பேச்சுவார்த்தை அறுந்தது. பேத்தியைச் செல்லாத்தா கண்ணால் பார்க்கவும் விடவில்லை.

அறுபதுகளின் நடுவில் அந்தப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்தார். பொன்னி என்று பெயர். வயதுக்கு வந்திருந்தாள். பூ வைத்துத் தைத்த ஜடையோடு படம் எடுப்பது அப்போதைய வழக்கம். ஜடை தெரிவதற்காகப் பின்னால் ஒரு நிலைக்கண்ணாடியைச் சாய்த்து வைப்போம். உள்ளறையில் நான் தலை பின்னிவிட்டபோது, "எங்க அம்மா படத்தப் பாத்திருக்கீங்களா? நான் அவுக சாயல்ல ஒன்னுமே இல்லையாம், அப்பா சொல்வாக" என்றாள். முகத்தைத் திருப்பிப் பார்த்தேன். எனக்கு அப்போது ஒன்றும் தெரியவில்லை, அவள் வாய் மூடியிருந்தது.

கூடத்தில் உட்காரவைத்தோம். ஊரில் எல்லோரும் பிலிம் காமிராவுக்குப் போன பிறகும் எங்கள் முதலாளி பிளேட்டை விடவில்லை. கறுப்புத் துணிக்குள் குனிந்து, நிமிர்ந்து, கையில், அழுத்தினால் படம் விழும் ரப்பர் பந்தைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். ராசமாணிக்கம் அவருக்குப் பின்னால் நின்றார். மகளுக்குப் பின்னால் இருந்த நிலைக்கண்ணாடியில் அவர் முகம் தெரிந்திருக்க வேண்டும். மகளை மறந்துவிட்டார். மோவாயைத் தூக்கி, மீசையை ஒரு பக்கம் நீவி, திரும்பி மறுபக்கம் நீவி, நரைத்த ஒரு முடியை இழுத்துப் பார்த்தார். பொன்னி அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். உதட்டைக் கடித்தாள். முடியவில்லை. தலையை லேசாகச் சாய்த்து, பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள்.

முதலாளி பந்தை அழுத்தினார். என் கையிலிருந்த சீப்பு கீழே விழுந்தது.

"யாரு சிரிச்சது?" என்றார் ராசமாணிக்கம், கண்ணாடியிலிருந்து பார்வையை எடுத்து. "இந்தப் பல்லக் காட்டுற புத்தி இவளுக்கு எங்கிருந்துதான் வந்துச்சோ. இவ அம்மா வாயத் தொறக்க மாட்டா."

"வீணாப் போச்சுங்க. இன்னொன்னு எடுத்துருவோம்" என்றார் முதலாளி. இரண்டாவது பிளேட்டில் பொன்னி வாயை மூடியிருந்தாள். அதைத்தான் வாங்கிக்கொண்டு போனார்கள்.

வீணாய்ப்போன பிளேட்டை முதலாளி என் பலகையில் வைத்தார். ஜடை, நகை, நிலைக்கண்ணாடி எல்லாவற்றையும் நான் வர்ணம் பூசி மறைத்தேன். முகம் மட்டும் நின்றது. படத்தை எடுத்துக்கொண்டு மணமேல்குடி பஸ் ஏறினேன்.

செல்லாத்தாவுக்குப் பார்வை மங்கியிருந்தது. கூரைக்கு வெளியே வெளிச்சத்தில் வந்து நின்று, படத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். "வள்ளி" என்றாள். அது யாரென்று நான் சொல்வதற்கு முன்பே படத்தை என்னிடம் கொடுத்துவிட்டு வேலிப்பக்கம் போனாள். ஒரு கை நிறையக் கனகாம்பரத்தைப் பறித்து வந்து, வாழைநாரில் கட்டினாள். படத்தைச் சுவரில் சாய்த்து வைத்து, மாலையை எடுத்துக்கொண்டு குனிந்தாள்.

நான் கையைப் பிடித்துக்கொண்டேன். "ஆத்தா, போடாதீங்க. இது பொன்னி. உசிரோட இருக்க புள்ள."

"பொன்னியா?" என்றாள். மறுபடி பார்த்தாள். "எப்ப எடுத்தது?"

"போன வாரம். சடங்கு சுத்துனப்ப."

"பெரிய மனுசியாயிட்டாளா? எங்களுக்குச் சொல்லலையே." தாய்வீட்டுச் சீர் போகாமல் ஒரு பெண்ணுக்குச் சடங்கு நடந்திருக்கிறது. செல்லாத்தா படத்தில் அந்த வாயைத் தொட விரலை நீட்டினாள். தொடுவதற்கு முன் என்னைப் பார்த்தாள். "காஞ்சிருச்சா, தொடலாமா?" என்று கேட்டாள்.

"காஞ்சிருச்சு ஆத்தா. தொடுங்க."

தொட்டுக்கொண்டே இருந்தாள். மாலை இன்னொரு கையில் அப்படியே இருந்தது. கீழே வைக்கவும் இல்லை, என்னிடம் கொடுக்கவும் இல்லை.

"அப்ப, எம் மகளுக்கு நான் எங்கிட்டுப் போயித்தான் மாலை போடுறது?" என்று கேட்டாள்.